உச்சி முதல் பாதம் வரை
மரமேறும் வாலிபனுக்கு ஒரு கவசம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், கொஸ்லந்தையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். எனக்குத் தரப்பட்ட பொருளோ மரமும் வாளும்! “ஐயா, பூசை மேடையில் மரம் வெட்டுகிற பேச்சா?” என்று ஒரு பாட்டி வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன்.

கந்தர் சஷ்டி கவசம் ஒலிக்காத வீடு நமது லயங்களில் அரிது. அதிலே பக்தன் என்ன செய்கிறான்? தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் காக்குமாறு முருகனை வேண்டுகிறான். கண்ணை மறக்கவில்லை, காதை மறக்கவில்லை, தொடையை மறக்கவில்லை, விரலை மறக்கவில்லை. ஆண்டவன் காப்பான் என்ற முழு நம்பிக்கை உள்ளவன்கூட உறுப்பு உறுப்பாக எண்ணிப் பார்க்கிறான் அன்றோ! அப்படியாயின், இயந்திர வாளைக் கையில் எடுத்து மரத்தின் மேல் ஏறப் போகும் வாலிபன் தன் உறுப்புகளை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? உடம்பினுள்ளே இறைவன் கோயில் கொண்டிருக்கிறான் என்பதை அறிந்த பின் உடம்பைப் பேணலானேன் என்று திருமூலர் உரைத்தார். ஆகவே இது சமயத்துக்குப் புறம்பான பேச்சன்று.

இந்தப் பேச்சுக்கு உடனடிக் காரணமும் ஒன்றுண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கிற்று. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாடு முழுவதிலும் மண் சரிந்தது. நம் பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கி வந்ததை மறவாத நமக்கு, மழையென்றால் நெஞ்சு துணுக்குறுவது இயல்பே. அத்தகைய வேளைகளில் பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தை அகற்றுவதற்கு யார் முதலில் ஓடுகிறார்கள்? வாலிபர்கள்தான் ஓடுகிறார்கள். கையில் கிடைத்த கத்தியோடும், இரவல் வாங்கிய வாளோடும், காலில் ரப்பர் செருப்போடும் ஓடுகிறார்கள். அந்த நல்ல மனத்தை எத்துணை பாராட்டினாலும் தகும். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் பெரியவர்களாகிய நாம் குற்றவாளிகள் ஆவோம்.

ஆதலால் நமது சங்கம் வாலிபர்களுக்கு மரமேறவும் இயந்திர வாள் பிடிக்கவும் முறையான பயிற்சி அளிக்க முடிவு செய்திருக்கிறது. மிக நல்ல முடிவு. செயற்குழுவினர் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் எனக்குக் காட்டினார்கள். அதில் முதல் வரி, இயந்திர வாள் இரண்டு. கடைசி வரி, “மிகுதிப் பணத்துக்குப் பாதுகாப்புச் சாமான்கள்.” செயற்குழுவினர் என் மீது கோபிக்க வேண்டாம். நான் இன்று இங்கே நிற்பது அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்புவதற்காகவே.

முன்னோர் கண்ட காடு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். கோடரி வீசுவதில் தேர்ந்த சிங்களக் கிராமத்தவர்களும், கடல் கடந்து வந்த நம் முன்னோர்களும் அந்தக் காடுகளில் உழைத்தார்கள். அக்காலத்து முறை ஒன்றைக் கேளுங்கள். சரிவில் நிற்கும் மரங்களையெல்லாம் வரிசை வரிசையாகப் பாதி வெட்டி நிறுத்துவார்கள். பிறகு உச்சியில் நிற்கும் பெரிய மரங்களை முழுவதும் வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ் வரிசையின் மீது விழ, அது அடுத்த வரிசையின் மீது விழ, ஒரு மலைச் சரிவே இடிமுழக்கத்தோடு படுத்துவிடும். காண்பதற்குப் பெரும் காட்சிதான். ஆனால் பாதி வெட்டிய மரம் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் சாயுமென்று யார் அறிவார்? இன்று மரம் வெட்டும் பயிற்சி தரும் எந்த நாட்டிலும் மாணவனுக்கு முதலில் விலக்கப்படும் செயல்களில் இதுவும் ஒன்று.

1869இல் கோப்பிக்கு இலைநோய் கண்டது, தேயிலை வந்தது. தேயிலைக்கு நிழல் வேண்டி அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவில்லியா மரத்தை நட்டார்கள். தோட்டத்தில் நாம் சவுக்கு என்று சொல்வது அதைத்தான். அன்று முதல் இன்று வரை சவுக்கில் ஏறிக் கிளை கழிப்பது தோட்ட வேலைகளில் ஒன்றாகவே இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக ஏறுகிறோம். ஆனால் ஏறுகிறவனின் இடுப்பில் இருப்பது என்ன? பெரும்பாலும் ஒரு கத்தியும், ஒரு துண்டுக் கயிறும், குலதெய்வத்தின் பெயரும்தான்.

“கருவி இல்லாமல் ஏறுவதே ஆண்மை” என்று சில வாலிபர்கள் எண்ணுவதுண்டு. அது நம் மரபன்று. யாழ்ப்பாணத்துப் பனைத் தொழிலாளி காலில் தளைநார் மாட்டாமல் பனையைத் தொடுவதில்லை. நம் அயற்கிராமங்களில் கித்துள் இறக்குகிறவர் மரத்தில் படி கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார். பரம்பரையாக ஏறுகிறவனே கருவியை மதிக்கிறான். நேற்று ஏறக் கற்றவன்தான் அதை இகழ்கிறான். அண்டைத் தேசத்திலே, கேரளத்தில், தென்னை ஏறுவதற்கு ஆட்கள் குறைந்தபோது, தென்னை அபிவிருத்திச் சபையினர் 2011இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஏறும் கருவியையும் கையில் கொடுத்து, விபத்துக் காப்புறுதியும் செய்து அனுப்பினார்கள். பயிற்சி, கருவி, காப்புறுதி என்னும் மூன்றையும் சேர்த்தே வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு எதிரிகள்

மரத்தில் வாளோடு ஏறுகிறவனுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று உயரம், மற்றது சங்கிலி.

முப்பது அடி உயரத்திலிருந்து விழுகிறவன் ஒன்றரைச் செக்கனுக்குள் தரையை அடைகிறான். அடையும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர். ஓடுகிற பஸ்ஸின் கூரையிலிருந்து பாறையில் மோதுவதற்கு ஒப்பானது அது. “விழும்போது கிளையைப் பிடித்துக்கொள்வேன்” என்பவன் ஒன்றரைச் செக்கன் எவ்வளவு நேரம் என்று கை தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

சங்கிலியின் கதை வேறு. இயந்திர வாளை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஸ்டீல். 1926இல் அவர் செய்த மின்சார வாளைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். இன்றைய சங்கிலியின் பல்லுக்கு வழிகாட்டியது ஒரு புழு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலே ஜோசப் கொக்ஸ் என்னும் மரம்வெட்டி, பட்ட மரத்தைக் குடைந்து செல்லும் வண்டின் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக அரிந்துகொண்டு போவதைக் கண்டு, 1947இல் அவ்விதமே இடமும் வலமும் மாறி அரியும் பற்களைக் கொண்ட சங்கிலியைச் செய்தார். அந்தப் புழுவின் பல் இன்று செக்கனுக்கு 20 மீற்றரும் அதற்கு மேலும் ஓடுகிறது. மரத்துக்கும் மனிதத் தொடைக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது.

வாளின் முனையிலே, மேல் பாதி, ஓர் அபாயமான இடம். அந்த இடம் கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால் வாள் பிடித்திருப்பவனின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். அந்தத் துள்ளல் நம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அறிந்து விலகுவதற்கு மனிதனுக்கு நேரமில்லை. ஆகவேதான் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை இல்லாத வாளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவர் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இனி, கவசத்தின் முறைப்படியே உச்சியிலிருந்து தொடங்குவோம்.

தலை

தலைக்கவசத்தில் இரண்டு இனம் உண்டு. தரையில் நின்று வேலை செய்பவனுக்கு ஒன்று, ஏறுகிறவனுக்கு மற்றொன்று. வேற்றுமை தாடைப் பட்டியில் இருக்கிறது. தரைக்குரிய கவசம், ஐரோப்பிய அளவையில் ஈ.என். 397 என்பது, எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்காதபடி 15 முதல் 25 கிலோ இழுவையில் பட்டி அவிழ்ந்துவிட வேண்டும் என்ற விதியோடு செய்யப்படுகிறது. மலையேறுவோருக்குரிய ஈ.என். 12492 என்பதன் பட்டி 50 கிலோ இழுவை வரை அவிழாமல் நிற்க வேண்டும். ஏனெனில் விழுகிறபோது கவசம் தலையை விட்டுப் போய்விட்டால் அதனால் யாது பயன்? ஆகவே கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான் தம்பி” என்று சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே அச்சிட்ட இலக்கத்தைப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. அது வேறு வகை மோதலுக்குச் செய்தது, பாரமானது, பக்கப் பார்வையை மறைக்கிறது, கீழே நிற்பவன் கத்துவது கேளாது. அவ்வாறே கிரிக்கெட் தலைக்கவசமும் கிரிக்கெட்டுக்கே உரியது.

கவசத்தின் மேல் பெயின்ற் பூசுவதும், ஸ்ரிக்கர் ஒட்டுவதும் தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றிச் செய்யத் தகாதன. அவற்றிலுள்ள இரசாயனம் பிளாஸ்திக்கைக் கெடுக்கலாம். வெயிலும் கெடுக்கும். தயாரித்த மாதமும் வருடமும் உள்ளே இருக்கும். எத்தனை வருடம் பாவிக்கலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசம், வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும், தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. அதற்கு ஓய்வு கொடுங்கள்.

கண்ணும் காதும்

முகத்துக்கு வலை மறைப்பு உண்டு. அது சுள்ளியையும் சிராயையும் தடுக்கும், மரத்தூளைத் தடுக்காது. ஆகவே வலைக்கு உள்ளே கண்ணாடியும் வேண்டும்.

காதைப் பற்றித்தான் வாலிபர்கள் சிரிக்கிறார்கள். இயந்திர வாளின் ஓசை, பிடித்திருப்பவனின் காதிலே 100 டெசிபெல்லுக்கு மேல். எட்டு மணி நேரம் கேட்கத் தக்க அளவு 85 டெசிபெல் என்று வைத்திருக்கிறார்கள். ஓசை மூன்று டெசிபெல் ஏறும்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. கணக்குப் போடுங்கள்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி நேரம்! ஒரு மரத்தைத் துண்டு போட்டு முடிப்பதற்குள் அந்த நாளின் பங்கு தீர்ந்துவிடும். கால் போனால் ஊர் அறியும். காது போனால் கோயில் மணி ஒலிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு நாமே அறியாமல் இருப்போம். கவசத்தோடு இணைந்த காது மூடி இருப்பின் மறதிக்கு இடமில்லை.

கை

இயந்திர வாளுக்கென்று செய்த கையுறைகளில் இடக்கையின் புறத்தில் வெட்டுத் தடுக்கும் இழை வைத்திருப்பார்கள். முன் பிடியில் இருப்பது அந்தக் கைதானே! அளவு சரியாக இருக்க வேண்டும். விரல் நுனியில் வெற்றிடம் தொங்குகிற கையுறை பிடியை நழுவச் செய்யும். வாளின் அதிர்வினால் நாளடைவில் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும் நோயை எந்தக் கையுறையும் முழுவதும் தடுக்காது. அதற்கு மருந்து, அதிர்வு குறைந்த வாளும், கூரிய பல்லும், இடையிடையே ஓய்வும்.

தொடையும் காலும்

வாளால் அதிகமாகக் காயப்படும் உறுப்புகளில் முதன்மையானது கால். தொடையில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கொஸ்லந்தையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் தியத்தலாவை; அல்லது பதுளை. வழியெல்லாம் வளைவு, மழைநாளில் பாதை திறந்திருக்குமா என்பதும் நிச்சயமில்லை. 1990க்கு அழைத்தவுடன் அம்புலன்ஸ் புறப்பட்டாலும், தோட்டத்து மேற்பிரிவுக்கு அது வந்து சேரும் நேரத்தை நீங்களே மதித்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் இருப்பவனைவிட நமக்கே காற்கவசம் அதிகம் வேண்டும்.

இந்தக் காற்சட்டையின் சூட்சுமம் என்ன? சங்கிலியை எதிர்த்து நிற்கும் இரும்பு அதில் இல்லை. மேற்றுணிக்குக் கீழே நீண்ட மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பல் பட்டவுடன் அவை உருவி இழுபட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, அதை ஒரு நொடிக்குள் நிறுத்துகின்றன. இழை தன்னை அழித்துக்கொண்டு காலைக் காக்கிறது. ஆதலின் ஒருமுறை வெட்டுப்பட்ட காற்சட்டையைத் தைத்து மறுபடி போடுவது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும்.

நம் பிள்ளைகள் சிலர் கிரிக்கெட் கால்தடுப்பைக் கட்டிக்கொண்டு வாள் பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். பந்தைத் தடுக்கும் பஞ்சு வேறு. சங்கிலியைத் தடுக்கும் இழை வேறு. அதைக் கட்டுவதால் தைரியம் மட்டும் கூடும், பாதுகாப்புக் கூடாது. அது வெறுங்காலைவிடவும் கேடு.

வாங்கும்போது இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது வகுப்பு. முதலாம் வகுப்பு என்றால் செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் சங்கிலியோடு சோதிக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பு 24 மீற்றர். மூன்றாம் வகுப்பு 28. நம் வாளின் வேகத்தை அதன் கையேட்டில் பார்த்து ஒப்பிட வேண்டும். மின்கலத்தால் ஓடும் வாளின் இழுவை வேறு விதமானது. அதை இந்த இழைகள் நிறுத்துமென்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது குறி, அமைப்பு. ஏ என்னும் அமைப்பு காலின் முன்புறத்தை மாத்திரம் காக்கும்; சீ என்பது சுற்றிலும் காக்கும். தரையில் நிற்பவனுக்குச் சங்கிலி பெரும்பாலும் முன்புறமே வரும்; ஆகவே ஏ போதும். நம் கீழ்ப்புறத்து வெயிலில் அது உடம்புக்கும் இலகு. மரத்தில் தொங்குகிறவனின் கால் எந்தப் பக்கம் திரும்பி நிற்குமென்று யார் சொல்வது? அவனுக்குச் சீ வேண்டும். இடுப்பில் கட்டித் தொங்கவிடும் முன்தடுப்பு ஏறுகிறவனுக்கு ஆகாது. அதன் வார்கள் கிளையில் சிக்கும்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சீ அமைப்புப் பாரமானது, வெப்பமானது. அமெரிக்காவில் மரம் வெட்டுவோருக்கான பாதுகாப்பு விதிகள் தரையில் வாள் பிடிப்பவனுக்குக் காற்கவசத்தைக் கட்டாயமாக்கியபோது, மேலே ஏறுகிறவனுக்கு அதனால் வேறு பேரபாயம் விளையும் என்று முதலாளி காட்டினால் விலக்கு உண்டென்று எழுதி வைத்தன. ஆனால் விலக்கைக் கேட்கும் உரிமை கற்றுத் தேர்ந்தவனுக்கே உரியது. பயிலும் மாணவனுக்கு அன்று.

பாதம்

ரப்பர் செருப்போடு வாள் தொடக் கூடாது. இதில் விவாதமே இல்லை. விரல்களுக்கு உருக்கு மூடியும், முன்புறத்தில் வெட்டுத் தடுப்பும், ஈரமான சரிவில் வழுக்காத அடியும் உள்ள உயரச் சப்பாத்து வேண்டும். அட்டைக்கடிக்கும் அதுவே மருந்து! சப்பாத்தை ஒருவர் மாற்றி ஒருவர் போடுவது சரிவராது. பயிலும் ஒவ்வொருவனுக்கும் அவன் அளவில் வேண்டும். பொதுவாக இச்சாமான்கள் ஐரோப்பியர் உடம்பை அளந்து தைத்தவை. நம் பிள்ளைகளுக்குச் சிறிய அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். நீண்ட காற்சட்டையை மடித்துவிட்டு நடப்பவன் வாளால் விழுவதற்கு முன் தடுக்கியே விழுவான்.

இடைப்பட்டியும் கயிறும்

இதுதான் ஏறுகிறவனின் உயிர்நிலை. கட்டடத்தில் வேலை செய்வோர் முதுகில் மாட்டும் பட்டி, விழுந்தவனைத் தாங்குவதற்கு உரியது. மரத்தில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு வாய்ப்பானதன்று. இடுப்பை மாத்திரம் சுற்றும் வார், மரத்தோடு சாய்ந்து நிற்பதற்கு உரியது. அதிலே விழுந்து தொங்கினால் வயிற்றை அறுத்துவிடும். மரமேறுவோருக்கென்று இடுப்பையும் இரு தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் ஆசனப் பட்டி உண்டு. அதில் ஈ.என். 813, ஈ.என். 358 என்ற இரண்டு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாளை இயக்கும் நேரத்தில் ஏறியவன் ஓரிடத்தில் மாத்திரம் கட்டப்பட்டிருக்கக் கூடாது. இரண்டு வேறு கட்டுகள் வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளே உருக்குக் கம்பி ஓடும் கயிறாக இருப்பது நன்று; ஏனெனில் தன் வாளால் தன் கயிற்றையே அறுத்துக்கொண்டவர்கள் உண்டு. மாடு கட்டும் நைலோன் கயிறும், தும்புக் கயிறும் மனிதனுக்கு ஆகா. கொளுக்கிகள் தாமே பூட்டிக்கொள்வனவாக இருத்தல் வேண்டும். காலில் மாட்டும் ஆணிக்கருவி, வெட்டி வீழ்த்தப் போகும் மரத்துக்கே உரியது. கிளை மாத்திரம் கழிக்கும் மரத்தில் அதைக் குத்தினால் மரத்துக்குப் புண்ணாகும்.

ஒன்றா, இரண்டா?

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன். செயற்குழுவின் பட்டியலில் “ஏறும் சாமான், ஒரு தொகுதி” என்று இருக்கிறது. அந்த ஒன்று என்ற எண்ணைக் கண்டு என் மனம் நடுங்கிற்று. ஏனென்று சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்த காலம். ஒரு தோட்டத்தில் நிழல் மரம் கழிக்கிறார்கள். எங்கள் லயத்து மாமா ஒருவர், ஏறுவதில் சூரர், இடுப்பில் கயிறு கட்டி மேற்கிளையில் முடிந்துகொண்டு வெட்டினார். நின்ற கிளை முறிந்தது. கயிறு அறவில்லை, அவர் விழவில்லை. “முருகா, தப்பினார்!” என்று கீழே நின்ற எல்லோரும் கத்தினோம். ஆனால் அவர் தொங்கினார். கயிறு வயிற்றில் ஏறி இறுகிற்று. மேலே போய் அவரை இறக்குவதற்கு ஏறத் தெரிந்த இன்னொருவர் இல்லை. இன்னொரு கயிறும் இல்லை. பக்கத்துப் பிரிவுக்கு ஓடினார்கள். ஆளும் ஏணியும் வரும் வரை அவர் முனகியது இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு அவர் பல காலம் வாழ்ந்தார், ஆனால் நிமிர்ந்து நடக்கவில்லை, மரத்தைத் தொடவுமில்லை. அவர் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த நாளே இல்லை.

அன்று அவரைக் கெடுத்தது கயிறு இல்லாமை அன்று. இரண்டாவது கயிறும் இரண்டாவது ஆளும் இல்லாமையே. இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்: நல்ல பட்டியில் தொங்கினாலும், அசைவற்றுத் தொங்குபவனின் இரத்தம் கால்களில் தேங்கிச் சிறிது நேரத்தில் அவன் மயங்கி உயிருக்கே மோசம் வரலாம். ஆகவே பிரித்தானியாவில் மரமேறும் இடத்தில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். கீழே நிற்பவர் ஏறி மீட்கும் பயிற்சியும் கருவியும் உடையவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

பெரியோர்களே! இரண்டு தொகுதி வாங்கப் பணம் இல்லையாயின் ஒரு தொகுதியும் வாங்க வேண்டாம். இந்த ஆண்டு எவரும் ஏற வேண்டாம். தரைப் பயிற்சியோடு நிறுத்துவோம். பாதையில் விழுந்த மரத்தைத் துண்டாக்குவதற்கு மேலே ஏற வேண்டியதில்லை. கிளை கழிப்பதிலும் பாதியை நீண்ட தடியில் பூட்டிய கைவாளால் தரையில் நின்றே செய்யலாம். ஏறாமல் செய்யக்கூடிய வேலையை ஏறாமல் செய்வதே முதற் கவசம்.

கவசத்தால் ஆகாதவை

கவசம் பூண்டவன் அழியாதவன் என்று எண்ணினால் அதுவும் பிழை. புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை எழுந்து பழைய குழியில் விழும். அதன் கீழ் நிற்பவனை எந்தத் தலைக்கவசமும் காப்பாற்றாது. வளைந்து இறுகிய கொம்பை அறுத்தால் வில்லாய்த் தெறிக்கும். மின்கம்பி தொட்ட மரத்தை மின்சாரக்காரர் வரும்வரை எவரும் அணுகவே கூடாது. நனைந்த சரிவில் வேர் பிடித்து நிறுத்திய மண்ணை நாமே அவிழ்த்துவிடக் கூடாது என்பதை மீரியபெத்தை மண்ணுக்கு அருகில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டத்தையும் மறவாதீர்கள். பலா போன்ற மரங்களை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். இயந்திர வாள்களைப் பொலிஸ் நிலையங்களில் பதிவு செய்யுமாறு 2019இல் அரசாங்கம் பணித்தது. வாள் வாங்கும் முன் அதன் பத்திரங்களை விசாரியுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுக்கு 1934 முதல் சட்டம் உண்டு. அது வேலை கொடுத்தவனுக்கும் வேலை செய்தவனுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. சிரமதானத்துக்குப் போய் அடிபட்டவன் யாரிடம் போய் நிற்பான்? அவனுக்குச் சங்கமே காப்புறுதி எடுக்க வேண்டும்.

என் வேண்டுகோள்

ஆகவே இச்சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: பட்டியலைத் திருப்புங்கள். முதலில் ஆளுக்குக் கவசம். பிறகு மிகுதிப் பணத்துக்கு வாள். வாள் இரண்டு வேண்டாம், ஒன்று போதும். ஒருவன் வாள் பிடிக்க மற்றவர்கள் பார்த்துக் கற்பார்கள்.

இரண்டு: ஏறும் சாமான் இரண்டு தொகுதி, இல்லையேல் ஒன்றும் இல்லை.

மூன்று: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடாப்பு வையுங்கள். வாங்கிய நாள், தயாரித்த நாள், பாவித்தவர், பட்ட அடி யாவும் எழுதுங்கள். பிரித்தானியாவில் ஆளைத் தூக்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் பார்வையிட வேண்டுமென்பது விதி. நாமும் அவ்வாறு செய்வோம். அதில் ஒரு முறை ஆயுத பூசைக்கு முதல் நாளாக இருக்கட்டும். கத்திக்கும் வாளுக்கும் பொட்டு வைத்து மாலை போடும் நாம், அன்று தலைக்கவசத்துக்கும் கயிற்றுக்கும் ஒரு பொட்டு வைப்போம். நைந்த கயிற்றுக்கு மாலை போடாமல், இனி ஆளைத் தாங்காதபடி துண்டு துண்டாக வெட்டி எறிவோம்.

நான்கு: இது வாலிபர்களுக்கு. கவசம் இல்லாத இடத்தில் “நான் செய்ய மாட்டேன்” என்று சொல்லுங்கள். துரை சொன்னாலும், கங்காணி சொன்னாலும், தலைவர் சொன்னாலும், ஏன், இந்த மேடையில் நிற்கும் நானே சொன்னாலும் அவ்வாறே சொல்லுங்கள். பெரியவர்களே, அப்படிச் சொல்லும் பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள்.

கர்ணன் பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்தான். கேட்டவனுக்கு அதை அறுத்துக் கொடுத்தான். அது கொடைக்குப் பெருமை, அவனுக்கு மரணம். நம் பிள்ளைகள் கவசத்தோடு பிறக்கவில்லை. வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். “காற்சட்டைக்கா இவ்வளவு பணம்?” என்று ஒரு தாய் கேட்டால் அவரிடம் சொல்லுங்கள்: “அம்மா, இது காற்சட்டையின் விலை அன்று, உங்கள் மகன் மாலையில் லயத்துப் படியேறி வருவதன் விலை.”

எல்லாம் வல்ல முருகப் பெருமான் நம் வாலிபர்களை உச்சி முதல் பாதம் வரை காத்தருள வேண்டி அமைகிறேன்.